துருவக் கடலுக்கும் ஒரு அதிர்வெண் ஒதுக்குங்கள்

இஸ்ரோவில் கடல் செயற்கைக்கோள்களைத் திட்டமிடுவோருக்கு,

வணக்கம். வாலாஜாபேட்டையில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடல் இயல்பாக உமிழும் நுண்ணலைகளை விண்ணிலிருந்து பிடித்து, அதன் உப்பையும் வெப்பநிலையையும் அளக்கும் கருவிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடலே இல்லாத ஊர்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பல உவர்த்துப்போன பகுதி எங்களுடையது. தண்ணீரின் மின்கடத்துதிறனை வைத்துக் கரைந்த உப்பைக் காட்டும் மலிவான டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வீட்டில் வைத்திருக்கிறேன். மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீருக்கு அது ஒரு எண் காட்டும். அதே தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் குறைத்துக் காட்டும். உப்பு அப்படியேதான் இருக்கிறது. டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மின்கடத்துதிறன் மாறுகிறது, அவ்வளவுதான்.

விண்ணிலிருந்து கடலின் உப்பை அளக்கும்போதும் குளிர்தான் வம்பு செய்கிறது. 1.4 ஜிகாஹெர்ட்ஸில், 30 டிகிரி கடல்நீரில் கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு கூடினால் கருவி உணரும் வெப்பநிலை (அந்த நுண்ணலைகளின் வலுவை இப்படித்தான் சொல்வார்கள்) ஏறத்தாழ 0.7 கெல்வின் மாறும். உறைநிலைக்குப் பக்கத்தில் அது 0.3 கூடத் தேறாது. வங்கக் கடலை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, அதே கருவியை அண்டார்டிகாவுக்கும் போதும் என்று விட்டுவிட முடியாது.

கடல்மேற்பரப்பு வெப்பநிலையிலும் இதே கதைதான். 10.7 ஜிகாஹெர்ட்ஸ் நம் கடல்களுக்குப் பரவாயில்லை, குளிர்ந்த கடலில் மந்தமாகிவிடும். அங்கே 6.9 வேண்டும். இது உங்களுக்குப் புதிதல்ல. 1999-இல் ஏவிய ஓஷன்சாட்-1-இல் 6.6 ஜிகாஹெர்ட்ஸ் வைத்தது நீங்கள்தானே! அதன் பதிவுகளைக் கொண்டு அண்டார்டிகக் கடற்பனியையும் ஆராய்ந்தார்கள். 2011-இன் மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளில் இருந்த மெட்ராஸ் கருவி 18.7-இல்தான் தொடங்கியது. அது வெப்பமண்டல மழைக்கானது, குறை சொல்வதற்கில்லை.

ஆன்டெனாதான் பெரிய செலவு, தெரியும். ஜப்பானின் ஏஎம்எஸ்ஆர்-2 என்ற விண்கருவி, 2 மீட்டர் ஆன்டெனாவோடு 6.9-இல் பார்க்கும் ஒரு புள்ளி 35-க்கு 62 கிலோமீட்டர். வேலூரில் தொடங்கினால் ஆம்பூரைத் தாண்டிவிடும். 89 ஜிகாஹெர்ட்ஸிலோ 3-க்கு 5 தான். கோட்டையிலிருந்து காட்பாடி ஸ்டேஷன்கூடப் போய்ச் சேராது. ஆனால் மேகமும் ஈரப்பதமும் 89-ஐக் குழப்பிவிடும். குறைந்த அதிர்வெண்ணிலேயே புள்ளியைச் சிறிதாக்க வேண்டுமென்றால் ஆன்டெனா பெரிதாக வேண்டும். அதனால்தான் ஐரோப்பியர்கள் தங்கள் சிமர் செயற்கைக்கோளுக்கு 7 மீட்டருக்கும் பெரிய, விரியும் ஆன்டெனாவைத் திட்டமிட்டிருக்கிறார்கள். நீங்களும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோளின் 12 மீட்டர் ஆன்டெனா நாசா தந்தது. நாமே ஒன்று செய்யத் தொடங்க வேண்டாமா?

அப்புறம், வேறு யாரும் அதில் அலை பரப்பக் கூடாது என்று 1.4-க்கு இருப்பதுபோல 6.9-க்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பீர்கள். துருவக் கடல் நடுவில் யார் டவர் வைக்கப் போகிறார்கள்?

மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்களை அண்டார்டிகாவில் நடத்துகிறோம். அடுத்த கடல் செயற்கைக்கோளில் 1.4, 6.9 இரண்டுக்கும் இடம் கொடுங்கள். ஒன்றுக்குத்தான் இடம் என்றால், 6.9-க்கு.

இப்படிக்கு,
வாலாஜாபேட்டை வாத்தியார்