ஏழு நாள் சராசரியும் ஏமாற்றிய இட்டரேட்டரும்

அன்பு நண்பா,

உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. கோபப்படாதே, பெரிய டேட்டாவைப் பல மெஷின்களுக்குப் பங்கிட்டு ஓட்டும் ஸ்பார்க்கில் எழுதிய ஒரு புரோகிராம் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

ஒவ்வொரு வரிக்கும் டேட்டாபேஸ் இணைப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது அது. எழுதியவன் நானே என்பதால் யாரையும் திட்ட வழியில்லை. ஃபங்ஷனை வரிவரியாக ஓட்டும் மேப்பை எடுத்துவிட்டு மேப்பார்ட்டிஷன்ஸ் போட்டேன். அது ஃபங்ஷனிடம் வரியைத் தராது, ஒரு பார்ட்டிஷன் (டேட்டாவின் ஒரு பங்கு) முழுவதற்கும் ஒரு இட்டரேட்டரை, அதாவது வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும் ஒன்றை, தரும். 200 பார்ட்டிஷன், 200 இணைப்பு. தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஓட்டினால், "இணைப்பு மூடப்பட்டுவிட்டது" என்று பிழை! ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. இட்டரேட்டர் சோம்பேறி. கேட்கும்போதுதான் வரியைத் தரும். என் ஃபங்ஷன் இட்டரேட்டரைத் திருப்பிக் கொடுத்து, இணைப்பையும் மூடிவிட்டுப் போய்விடுகிறது. வரிகளை ஸ்பார்க் இழுப்பதே அதற்குப் பிறகுதான். சரி என்று எல்லா வரிகளையும் முதலில் ஒரு லிஸ்டில் கொட்டினேன். பெருத்த பார்ட்டிஷன் ஒன்று மெமரியைக் குடித்துவிட்டு விழுந்தது. கடைசியில், டாஸ்க் (ஒரு பார்ட்டிஷனுக்கான வேலை) முடியும்போது இணைப்பை மூடும்படி பதிந்து வைத்தேன். இப்போது ஓடுகிறது.

அப்புறம், நீ கேட்டது. சென்சார் அளவுகளுக்கு ஏழு நாள் நகரும் சராசரியை (ஒவ்வொரு நாளுக்கும் அதோடு முந்தைய ஆறு நாளும் சேர்த்து) மேப்பார்ட்டிஷன்ஸ் வைத்துப் போடலாமா என்றாயே, அப்படியே போட்டால் தப்பாக வரும். ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் முதல் ஆறு நாள் சராசரிக்கு வேண்டிய முந்தைய வரிகள் பக்கத்துப் பார்ட்டிஷனில் கிடக்கும். பிழையும் காட்டாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் டிரையட்லிங்க் (இதுவும் டேட்டாவைப் பல மெஷின்களில் ஓட்டும் சிஸ்டம்தான்) பற்றிய 2008 கட்டுரையைத் தேடிப் படி. அதில் அப்ளை என்றொரு ஆபரேட்டர். சும்மா விட்டால் மொத்த டேட்டாவையும் ஒரே இட்டரேட்டராகத்தான் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும், மெதுவாக இருந்தாலும் விடை சரி. பிரித்துப் பிரித்து ஓட்டினாலும் விடை மாறாது என்று நாமே குறித்துக் கொடுத்தால்தான் பார்ட்டிஷன்வாரியாக ஓட்டும். மேப்பார்ட்டிஷன்ஸ் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. எனக்கு அப்ளையின் அந்தப் பழைய தயக்கம்தான் பிடிக்கிறது.

உனக்குச் சுலப வழி, சென்சார் எண்ணை வைத்துப் பிரிப்பது. ஒரு சென்சாரின் வரலாறு முழுக்க ஒரே இடத்தில் இருக்கும். உள்ளே தேதிவாரியாக அடுக்க மறக்காதே. ஆனால் சென்சார் நாலைந்துதான் என்றால் மற்ற மெஷின்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். உன்னிடம் எத்தனை சென்சார்? அதை எழுது, மேற்கொண்டு சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்