நெட்டையின் இரண்டாவது போட்டோ

மாப்ள,

உன் மெயில் வந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. திட்டுவதென்றால் மொத்தமாகத் திட்டிவிட்டு அப்புறம் படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். மேட்டூர் திறந்தாயிற்று, நம் கடைமடைக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை. பெரியவர் மறுபடியும் கட்சி மாறிவிட்டார், எத்தனையாவது தடவை என்று நீயே எண்ணிக்கொள்.

எழுத வந்தது நெட்டையைப் பற்றி. அறுவடை மெஷினில் மாட்டின கால் முட்டியோடு விறைத்தே போய்விட்டது. முகாமில் 45 சதவீதம் ஊனம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 40 இருந்தாலே மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். போட்டுப் பத்து மாதம் ஆகிறது. வி.ஏ.ஓ. வந்து பார்த்தார், ஆர்.ஐ. வந்து பார்த்தார், ஆபீசில் கேட்டால் "பார்க்கிறோம்". அதுவரைக்கும் அடுப்பு எரிய வேண்டுமே, நூறு நாள் வேலைக்குப் போகிறான்.

மாற்றுத்திறனாளிக்கு நாலு மணி நேர வேலை, முழுச் சம்பளம். நல்ல விதிதான். ஆனால் 2023-லிருந்து செல்போனில்தான் வருகைப்பதிவு, காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ. போன வாரம் வாய்க்கால் கரையில் பார்த்தேன். தன் வேலையை முடித்துவிட்டு, விறைத்த காலை நீட்டிப் போட்டு, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டாவது போட்டோவுக்காக. பணித்தளப் பொறுப்பாளர் அக்கா சிக்னல் தேடி மடை மேல் ஏறி நிற்கிறது. கிடைத்ததும் "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றது. அவனும் மண்வெட்டியை ஊன்றி எழுந்தான். படத்தில் ஆள் ஜம்மென்று இருக்கிறான்டா!

ஆபீசில் ஒருவர் அதையே பிடித்துக்கொண்டாராம்: "வேலைக்குத்தான் போறியே, உனக்கு எதுக்குப்பா பென்ஷன்?"

அப்போதுதான் உன் மெயில் ஞாபகம் வந்தது. வேலை செய்ய முடியாது என்று டாக்டர் எழுதின சீட்டோடு, யுனிவர்சல் கிரெடிட் என்கிற பிரிட்டன் அரசாங்க உதவித்தொகைக்கான உடல்திறன் மதிப்பீட்டுக்கு நீ காத்திருக்கிற நாளிலேயே, என்ன வேலை தேடினாய் என்று கூப்பிட்டுக் கேட்கிறார்கள், போகாவிட்டால் பணத்தைப் பிடிப்பார்கள், போனால் நடந்து வந்ததைக் குறித்துக்கொள்வார்களோ என்று பயம் என்றாய். லண்டன்காரன் கதை விடுகிறான் என்று நினைத்தேன், மன்னித்துக்கொள். அந்த மதிப்பீடு 2008-லேயே வந்ததாமே, இத்தனை வருஷத்தில் காத்திருக்கிறவனை அந்த நாளில் என்ன செய்வது என்று ஒரு முடிவுக்கு வர முடியவில்லையா?

வேலை கொடுப்பதில் எனக்கு ஒன்றும் கோபமில்லை. வீட்டில் கிடப்பதற்கு இது தேவலை என்று நெட்டையே சொல்கிறான். பதில் சொல்லாமல் பத்து மாதம் இழுத்தடித்துவிட்டு, அந்தப் பத்து மாதம் பிழைக்க அவன் பட்ட பாட்டையே அவன் மேல் திருப்புகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

வருகிற திங்கள் திருவாரூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். பைக்கில் அவனை ஏற்றிக்கொண்டு போகிறேன், எல்லாம் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. உனக்குத் தேதி வந்ததும் எழுது. போய் உட்கார்ந்து, பத்தாவது படிக்கும்போது கபடியில் சொன்ன மாதிரி "வலிக்கலை சார்" என்று மட்டும் சொல்லித் தொலைக்காதே.