ஓடு ஒட்டுவது பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படமும், மேசை செய்ய உடைந்த பீங்கானை மரத்தில் ஒட்ட எது நல்லது என்று கேட்ட ஒற்றை வரியும் கிடைத்தன. பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் வரி அதுதான் என்பதால், ஃபோனில் இரண்டு சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

காயலான் கடையில் வாங்கிய பழைய கதவுப் பலகையின் மேல் நேரடியாக ஒட்டாதே. புனேயில் ஆனி ஆடி மழைக்கு மரம் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும்; பீங்கான் ஓட்டுக்கு அந்த அசைவு கிடையாதாகையால், ஓடுகளுக்கு நடுவே பூசும் இடுக்குப் பூச்சு விரிசல் விடும். பலகையின் மேல் சிமெண்ட் போர்டை திருகாணியால் இறுக்கி, அதன்மேல் ஓடு பதிப்பதற்கென்றே விற்கும் சிமெண்ட் பசையைப் பூசி ஒட்டு. தச்சர்களின் வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகிவிடும். பழைய பலகைக்குப் பதில் பிளைவுட் என்றால், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டாகவே வாங்கு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது, கீழ்வீட்டுச் சாதாரணப் பிளைவுட் மேசை தண்ணீரில் நின்று ஏடு ஏடாகப் பிரிந்ததை நீயே வீடியோவில் பார்த்தாய்.

படத்தில் இருப்பவை அந்த நீலக்கரைத் தட்டுகள் என்பது தெரிந்தது. ஒன்றிரண்டு உடைவது எந்த வீட்டிலும் உள்ளதுதான். அந்த செட் முழுவதும் அங்கே கிடக்கிறது. 1945இல் தொல்லியலாளர் வீலர் இங்கே அரிக்கமேட்டில் தோண்டியபோது, உடைந்த ரோமானியக் கலங்களின் ஓடுகளைக் கொண்டுதான் அந்த இடத்தின் காலத்தையே கணித்தார். ஓட்டைப் பார்த்தால் வீட்டைப் படிக்கலாம் என்று பள்ளிக்கூட நாளில் அங்கே அழைத்துப் போனபோது உனக்குச் சொன்னவன் நான். உன் அம்மாவிடம் படத்தைக் காட்டவில்லை. மாப்பிள்ளையிடமிருந்தும் தகவல் இல்லை, அது இருக்கட்டும்.

தட்டின் அடிவளையத்தை இடுக்கியால் நறுக்கி எடுத்துவிட்டுத் தட்டையான பகுதியை மட்டும் பயன்படுத்து. பழைய டைல் துண்டும் தட்டும் ஒரே கனத்தில் இராது என்பதால், துண்டுகளை முகம் கீழாகத் தாளின் மேல் மைதாப் பசையால் ஒட்டி, முதுகுப்பக்கம் சிமெண்ட் பசை பூசி, பகுதி பகுதியாகக் கவிழ்த்துப் பதித்தால் மேற்பரப்பு மட்டமாக வரும். பசை இறுகியபின் தாளை நனைத்து உரித்துக்கொள்ளலாம். உடைக்கும்போது துணி போர்த்தி உடை. கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள். படத்தின் ஓரத்தில் உன் கட்டைவிரலில் ஒரு கட்டு தெரிந்தது. கையுறை இல்லாமல் எதையும் தொடாதே.

இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். மார்கழியில் நம் தெருவில் புள்ளி பிசகாமல் கோலம் போட்டவளுக்கு அதை நான் சொல்லவேண்டியதில்லை. ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, பிறகு இடுக்குகளைப் பூசு. வெள்ளைப் பூச்சு வேண்டாம், சாம்பாரும் மஞ்சளும் ஏறிவிடும். சாம்பல் நிறமே போதும். கறை போக எலுமிச்சையோ வினிகரோ தேய்த்தால் சிமெண்ட் அரித்துப்போகும். பாப்பா கைவைக்கும் மேசை என்பதால் ஓரங்களைச் சாணைக்கல்லால் மழுங்கடி. கையுறையோடு தேய்.

இத்தனை உதவாத பொருளிலிருந்து ஒன்றைச் செய்ய உனக்குத் தோன்றியதே, அதில் எனக்குப் பெருமைதான். அதற்காக, கேட்பதற்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கவேண்டாம். நிறம் குறைந்தால் எழுது. இங்கே இடித்த வீடுகளின் பூப்போட்ட தரை ஓடுகளில் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன், பார்சலில் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நான்கடிக்கு இரண்டரை அடி மேசை, பலகை, ஓடு, பசை எல்லாம் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும். அதைத் தனியாகத் தூக்கிக் கால்களின் மேல் வைக்கப் பார்க்காதே. மறுமுனையைப் பிடிக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எழுது. இல்லையென்றால் நான் வந்து பிடிக்கிறேன், அதுவரை தரையிலேயே கிடக்கட்டும்.

அன்புடன்,
அப்பா