ரெண்டு நிமிஷ ஊசிக்கு ஒரு ராத்திரி அட்மிட் ஆகணுமா? இன்சூரன்ஸ் கிளைம் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளைம் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் ஃபைல் உங்க கிட்டயே இருக்கு, டாக்டர் லெட்டர், பில், பழைய ரெகார்ட் எல்லாம் பல தடவை அனுப்பியாச்சு, அதனால முழுக் கதையும் திரும்ப சொல்லல. எக்ஸிமாங்கிற கடுமையான தோல் அரிப்பு நோய்க்கு நான் போட்டுக்கிற டூபிலுமாப் ஊசிக்கு கிளைம் கேட்டிருந்தேன், அதுக்கு போன வாரம் வந்த ரிஜெக்ஷன் மெயில் பத்தி மட்டும் பேசணும். 24 மணி நேரம் அட்மிட் ஆகல, அதனால கிளைம் கிடையாதுன்னு ஒரே வரி.

டூபிலுமாப் ஊசி தொடையிலயோ வயித்துலயோ தோலுக்கு அடியில போடுறது. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்து முக்கால் மணி நேரம் வெளிய வச்சு, குளிர் போனதும் போட்டா முடிஞ்சுது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இதுக்குன்னு பெட்ல படுத்தா ரூம் வாடகை, நர்ஸ் சார்ஜ்னு பில் ஏறும், அத கட்டப்போறதும் நீங்கதானே?

2019ல இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட விதியில நவீன சிகிச்சைகள்னு 12 இருந்துச்சு. ஊசியா போடுற மோனோக்ளோனல் ஆன்டிபாடி, அதாவது உடம்புல ஒரு குறிப்பிட்ட இலக்க மட்டும் பிடிக்கிற மாதிரி லேப்ல தயாரிச்ச புரத மருந்து, அதுல ஒண்ணு. டே கேர்ல, அதாவது ராத்திரி தங்காம அன்னிக்கே வீட்டுக்குப் போற மாதிரி எடுத்தாலும் கவர் பண்ணணும்னு அதுலயே எழுதியிருந்துச்சு. டூபிலுமாப் மோனோக்ளோனல் ஆன்டிபாடிதான், நான் போட்டுக்கிட்டதும் டே கேர்லதான். தயவுசெஞ்சு டே கேர் கிளைமா எடுத்து பாஸ் பண்ணுங்க.

இந்த ஊசிக்கு முன்னாடி காலைல பெட்ஷீட்ட உதறினா தோல் செதில் செதிலா கொட்டும், முழங்கை பட்ட எடமெல்லாம் ரத்தப் பொட்டு, தலைகாணி உறைய அம்மா தனியா ஊற வச்சுத்தான் துவைப்பாங்க. தூக்கத்துல சொறியக்கூடாதுன்னு கையில சாக்ஸ் மாட்டிக்கிட்டு படுப்பேன், விடிஞ்சா அது கட்டிலுக்கு கீழ கெடக்கும். ஸ்டீராய்டு மாத்திரையில முகம் வீங்குச்சு, எதிர்ப்பு சக்திய அடக்குற சைக்ளோஸ்போரின் மருந்துல பிபி ஏறி கிட்னி டெஸ்ட்டுக்கு அலைஞ்சேன். இந்த ஊசியில கண்ணு செவக்குது, எரியுது, சொட்டு மருந்து விட்டுக்கிட்டுதான் இருக்கேன், ஆனா ராத்திரி முழுக்க தூங்குறேன். இது நோய வேரோட எடுக்கிற மருந்து இல்ல, தொடர்ந்து போடணும். கிளைம் வராம காசு புரட்ட முடியாம போன தவணை தள்ளிப்போச்சு, இப்ப கழுத்துலயும் முழங்கால் மடிப்புலயும் அரிப்பு திரும்ப ஆரம்பிச்சிடுச்சு.

உங்க ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணவர் "ஸ்கின் பிராப்ளம்தானே மேடம், காஸ்மெட்டிக் மாதிரிதானே"ன்னு கேட்டார். ரத்தம் வர்ற வரைக்கும் சொறிஞ்சவங்க கிட்ட கேக்குற கேள்வியா இது? பிரீமியம் மட்டும் வருஷா வருஷம் ஏறுது, ஒரு நாள் லேட்டானா மெசேஜ் மேல மெசேஜ் வருது, கிளைம்னு வந்தா அதே பேப்பர திரும்பத் திரும்ப கேக்குறீங்க, போன் எடுக்க ஆள் இல்ல, எடுத்தா ஆளுக்கு ஒரு பதில். படிச்சு மெயில் போடத் தெரிஞ்ச எனக்கே இந்த நிலமைன்னா வயசானவங்க, ஊர்ப்பக்கத்துல இருக்கவங்க என்ன பண்ணுவாங்க?

சரி, கேக்க வந்தத கேட்டுடறேன். அட்மிஷன் கட்டாயம்ங்கிறத விட்டுட்டு, இந்த கிளைம டே கேர்ல எடுத்து மறுபரிசீலனை பண்ணுங்க. முடியாதுன்னா பாலிசியில எந்த ஷரத்துப்படி முடியாதுன்னு எழுத்துல குடுங்க. ஒரு மாசத்துல பதில் வரலேன்னா பாலிசிதாரர் புகார விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் கிட்ட மனு குடுக்கப்போறேன். அங்க போற அளவுக்கு வைக்காம, அடுத்த ஊசிக்கு முன்னாடியே நல்ல பதிலா அனுப்பும்படி பணிவோட கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க பாலிசிதாரர் ஒருத்தி