அப்பா வாய்விட்டுச் சொல்லாத பாதி

இயேசு மரி சூசை

அல்சூர், பெங்களூரு
ஆகஸ்ட் 30

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நேற்று சிவாஜிநகரில் மாதாவுக்குக் கொடியேறியது. வழக்கம்போல ரஸ்ஸல் மார்க்கெட் வரைக்கும் காவி உடுத்திய ஜனம். கொடி மேலே போகும்போது எல்லாரும் "மரியே வாழ்க" என்று குரல் கொடுக்க, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போன வாரம் நீ பேசி அனுப்பினதுதான் காதிலேயே இருந்தது. அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். ஃபோனில் பதில் சொல்ல உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். மாடி வீட்டுப் பையன் இதை ஃபோட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.

"அம்மா, இனிமே என்னால ஜெபம் பண்ண முடியாது" என்றாய். உன்னோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிற, உக்ரைனின் கார்கிவிலிருந்து வந்த பெண்ணின் ஊரில் குண்டு விழுகிறது. போடுகிறவனும் நெற்றியில் சிலுவை வரைந்துகொள்கிறான், சாகிறவனும் வரைந்துகொள்கிறான், ரெண்டு பேர் வீட்டிலும் ஒரே மாதா படம், இதில் யார் ஜெபத்தை அவர் கேட்பார் என்று கேட்டாய். கடைசியில், "நானும் அப்பா மாதிரி ஆயிட்டேன்போல" என்றாய்.

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா எப்படி ஆனார், ஏன் ஆனார் என்று உனக்குத் தெரியாதடி.

ராத்திரி ஏழரைக்கு ஜெபமாலை, உனக்கு நினைவிருக்கும். முதல் பாதி நான் சொல்வேன். "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று பாட்டி பழைய மந்திரத்திலேயே இழுக்க, நீயும் கூடச் சேர்ந்து இழுப்பாய். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து மணியை மட்டும் உருட்டுவார். வாய் திறக்க மாட்டார். உனக்குப் பத்து வயதிருக்கும், "அப்பாவுக்கு மந்திரம் மறந்துபோச்சா?" என்று கேட்டாய். நான் கண்ணாலேயே அடக்கினேன். உறுதிபூசுதல் வகுப்புக்குப் போகிற வயதில், "அவருக்கு நம்பிக்கையே கிடையாது, நமக்காக உட்கார்ந்திருக்கார்" என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். அவர் மறுக்கவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இனி நீ தெரிந்துகொள்ளலாம்.

அப்பா மெட்ராஸ் சாப்பர், பட்டாளத்தின் பொறியாளர் படைக்காரர். பட்டாளத்தில் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். 1987 ஜூலை கடைசியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம் ஆகி, நம் படை யாழ்ப்பாணம் போனபோது அங்கே சனம் மாலை போட்டு வரவேற்றது. அப்பா எழுதின முதல் கடிதத்தில், கிணற்றடியில் தமிழ், கடையில் தமிழ், பூசையும் தமிழ், அல்சூரில் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தார். அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டுவிட்டது. சனம் வீட்டைப் போட்டுவிட்டு நல்லூர்க் கோயிலிலும் மாதா கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் ஒண்டிக்கொண்டது. 1990 மார்ச்சில் படை திரும்பி வரும்போது நம் பிள்ளைகளில் ஆயிரம் பேருக்கு மேல் அங்கேயே முடிந்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேர் என்பது வேறு பெரிய கணக்கு.

அவருக்குக் கண்ணிவெடி எடுக்கிற வேலை. நவம்பர் மழையில் ஒரு ராத்திரி, ஒரு சின்னக் கோயில் மதிலை ஒட்டி அவருக்குக் காவல். உள்ளே குடும்பம் குடும்பமாகச் சனம். விளக்கில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கிழவி ஜெபமாலை தொடங்கினாளாம். "அப்படியே எங்க ஆயா குரல்" என்றார் அப்பா. அதே பழைய மந்திரம், அதே இழுப்பு, ஒவ்வொரு பத்துக்கும் நடுவில் அதே இருமல். மதிலுக்கு இந்தப் பக்கம் நனைந்துகொண்டு நின்றவருக்கு மூன்றாவது துக்க தேவ இரகசியத்தில் தன்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று அவர்களோடு சேர்ந்து மறுபாதியைச் சொல்லிவிட்டார். சத்தமாக.

உள்ளே ஜெபம் நின்றுபோனது.

ஒரு குழந்தை சிணுங்கியதாம், உடனே அதன் வாயை யாரோ பொத்திவிட்டார்களாம். வெளியே இருட்டில் துப்பாக்கியோடு நிற்கிறவன் குரல் தங்கள் ஜெபத்துக்குள் வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? "நானும் வேதக்காரன்தாம்மா, பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும்போல இருந்ததாம், நாக்கு எழும்பவில்லை. விடிய விடிய நின்றார். மூன்றாவது பத்து அப்படியே பாதியில் கிடந்தது. உள்ளே இருந்து அதற்கப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை.

"என் ஜெபத்தைக் கேட்டு ஒரு கோயிலே பயந்துபோச்சு" என்று அவர் சொன்னது இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2009 மே மாதம். அதுவரைக்கும் எனக்கும் தெரியாது. டிவியில் முள்ளிவாய்க்கால் செய்தி. எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து சொன்னார். அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில் ஒரு பேப்பர் செய்தியை வெட்டிப் பைபிளுக்குள் வைத்திருந்தார். மன்னார்ப் பக்கத்து மடுக் கோயிலில் இருக்கிற மாதா சுரூபத்தைச் சண்டைக்குத் தப்பவைக்கச் சாமியார்கள் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போன செய்தி. அந்த மாதாவுக்கு ஓட்டம் புதிதில்லை. 1670இல் டச்சுக்காரன் கத்தோலிக்கரைத் துரத்தினபோது மாந்தைச் சனம் அந்தச் சுரூபத்தைக் காட்டுக்குள் எடுத்துப்போய்த்தான் மடுவில் வைத்தது. 1999 நவம்பரில், அவளை நம்பி வந்து தங்கியிருந்தவர்கள் மேலேயே அந்த வளாகத்தில் ஷெல் விழுந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். "அவங்க அம்மாவும் அகதியாப் போயிட்டாங்க" என்றார் அப்பா. ஒரு தடவையாவது ஆகஸ்ட் 15 திருநாளுக்கு மடுவுக்குப் போக ஆசைப்பட்டார். போகவேயில்லை. எந்த முகத்தோடு போவது என்பார்.

இதைக் கேட்டபிறகும் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா? நம்பிக்கை இல்லாதவனுக்கு மந்திரம் சொல்ல என்ன தயக்கம்? கொடியேற்றத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நூறு தடவை கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். அப்பாவுக்கு அந்த வார்த்தை அவ்வளவு கனமாகிவிட்டது. ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாராம். வயசான சாமியார், ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சத்தம் வரலைன்னா போகட்டும், மணியை விட்டுடாதப்பா" என்றாராம். அதைத்தான் நீ தினமும் பார்த்தாய்.

உன் தோழியின் பாட்டியைப் பற்றிப் போன மாதம் சொன்னாயே, அதைக் கேட்டபோதும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. நாற்பது வருஷமாகப் போன கோயிலில் ரஷ்யச் சபையின் தலைவரான மாஸ்கோவின் பிதாப்பிதா கிரில் பெயரைச் சொல்லி வேண்டினார்கள், அதனால் அந்தப் பாட்டி நின்றுவிட்டாள் என்றாய். 2022 செப்டம்பரில் அந்தப் பிதாப்பிதா, கடமையில் சாகிற சிப்பாயின் பாவமெல்லாம் அந்தச் சாவிலேயே கழுவப்பட்டுவிடும் என்று பிரசங்கம் செய்தார். வீட்டு மேல் குண்டு விழுகிறவள் அந்தப் பெயருக்கு எப்படி ஆமென் சொல்வாள்? அவளுடைய சபையே அந்த வருஷம் மே மாதம் மாஸ்கோவிலிருந்து பிரிந்துவிட்டோம் என்று அறிவித்தது, அதை நம்பாதவர்கள் வேறு சபைக்குப் போனார்கள். 2023இல் நாடே கிறிஸ்துமஸை ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றிக்கொண்டது. ஆனாலும் பாட்டி ஜனவரி 6 ராத்திரியும் கோதுமையில் தேனும் கசகசாவும் போட்டு யாருக்கும் சொல்லாமல் கிண்டி வைக்கிறாள் என்றாயே, பாப்பா, அந்தப் பாத்திரத்தை நான் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. சண்டை அவளிடமிருந்து கோயிலைப் பிடுங்கிற்று, காலண்டரைப் பிடுங்கிற்று. அவள் கை மட்டும் அந்த ராத்திரியை மறக்கவில்லை.

இங்கேயும் ஒன்று பார்த்தேன். போன நவம்பர், கல்லறைத் திருநாளுக்கு முன்னால் பூசைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மன்னாரிலிருந்து வந்து பல வருஷமாக இங்கே இருக்கிற ஒரு பெண். தம்பி பெயரைச் சொன்னாள். எழுதுகிறவர், "இறந்தவங்களா, உயிரோட இருக்கிறவங்களா?" என்று கேட்டார். அதைக் கேட்காமல் அவரால் எழுத முடியாது, நோட்டில் ரெண்டு பத்திதான். அவள் பேசாமல் நின்றாள். அப்புறம், "தெரியேல்லை அண்ணை. 2009இல ஆமியிட்டக் கையளிச்சது" என்றாள். பேனா அப்படியே நின்றது. இறந்தவர் பத்தியில் எழுதினால் தம்பியைத் தானே கொன்ற மாதிரி. மற்ற பத்தியில் எழுதினால் பதினைந்து வருஷமாக அவன் எங்கே என்ற கேள்வி. கடைசியில் ஓரத்தில் 'சிறப்புக் கருத்து' என்று எழுதி, பெயரைப் போட்டார்கள். அவள் பணத்தைக் கட்டிவிட்டு மெழுகுவத்தி வாங்கப் போனாள். யாழ்ப்பாணத்துப் பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் ஜோசப் சாமியாரும் அந்த மே 18ஆம் தேதி சரணடைந்தவர்களோடு கூடப் போனவர்தான். அவரும் திரும்பவில்லை. கிளிநொச்சி ரோட்டோரத்தில் 2017 பிப்ரவரியில் உட்கார்ந்த தாய்மார்களும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் கேட்டார்கள். நித்திய இளைப்பாற்றி என்று செத்தவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு தாய் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருப்பாள்?

இதற்கெல்லாம் சுலபமாகப் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு தவக்காலத் தியானத்தில் பிரசங்கியார் நாகசாகியைப் பற்றிச் சொன்னார். 1945 ஆகஸ்ட் 9ஆம் தேதி குண்டு உராகாமிக் கோயிலுக்குப் பக்கத்தில் விழுந்து, அந்தப் பங்கின் 12,000 கத்தோலிக்கரில் சுமார் 8,500 பேர் செத்தார்கள். டாக்டர் தகாஷி நாகாய் வீட்டுச் சாம்பலில் மனைவியின் எலும்பையும் உருகிப்போன ஜெபமாலையையும் கண்டெடுத்தார். நவம்பரில் நடந்த பூசையில், இவர்கள் கடவுளுக்குத் தகனபலியானார்கள் என்று பேசினார். பிரசங்கியார் இதைச் சொல்லிவிட்டு, "பாருங்கள், இதுதான் விசுவாசம்!" என்றார். எனக்கு உட்கார முடியவில்லை. அந்த மனுஷன் தன் மனைவியின் எலும்பைத் தன் கையால் அள்ளினவர், அவர் தனக்கு எப்படியும் சொல்லிக்கொள்ளலாம். அதை எடுத்து இன்னொருத்தர் வாயில் திணிக்க நமக்கு என்ன உரிமை? அங்கேயே நிறையப் பேர் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. குண்டு போட்ட படைக்கு ஆன்ம குருவாக இருந்த ஜார்ஜ் ஸபெல்கா என்ற கத்தோலிக்கச் சாமியாரும், அன்றைக்கு நான் வாய் திறக்காமல் இருந்தேனே என்று பிற்காலத்தில் வெளிப்படையாக வருந்தினார். அதையும் பிரசங்கத்தில் சொல்லியிருக்கலாம்.

எனவே யார் ஜெபத்தை அவர் கேட்பார் என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. தெரியாது. சங்கீதப் புத்தகத்தில் 88ஆவதை எடுத்துப் படி. முழுக்கப் புலம்பல், கடைசியில்கூட வெளிச்சம் வராது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் ஜெபம் என்றுதான் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள். உன் குரல் பதிவைக் கேட்டபோது எனக்கு அதுதான் தோன்றியது. மூன்று நிமிஷம் அவரைத் திட்டியிருக்கிறாய். இல்லாதவரை யாராவது அவ்வளவு நேரம் திட்டுவார்களா, கண்ணு?

போப் பிரான்சிஸ் 2023 அக்டோபரிலிருந்து தான் சாகிற வரைக்கும் கிட்டத்தட்டத் தினமும் சாயங்காலம் காசாவிலிருக்கிற திருக்குடும்பக் கோயிலுக்கு ஃபோன் போட்டார். அங்கே நூற்றுக்கணக்கான பேர் ஒதுங்கியிருந்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பாராம். சண்டை அவர் ஃபோனுக்கு நிற்கவில்லை. அந்த நேரம் வந்தால் அவர்கள் காத்திருந்தார்கள்.

அப்பா போனபிறகு ஏழரை மணிக்கு நான் தனியாகத்தான் ஜெபமாலை சொல்கிறேன். முதல் பாதியைச் சொல்லிவிட்டு மறுபாதிக்கு நிறுத்துவேன். அவர் இருந்தபோதும் அங்கே சத்தம் கிடையாது, மணி நகர்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்தப் பழக்கத்தில் இப்போதும் அவ்வளவு நேரம் விட்டுத்தான் அடுத்த மணிக்குப் போகிறேன்.

திருநாள் வரைக்கும் ஒன்பது நாள் ஃபோன் போடுகிறேன். நீ எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உன் வேலையைப் பார். எதுவும் சொல்ல வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அந்தக் கார்கிவ் பெண் பக்கத்தில் இருந்தால் சத்தத்தைக் குறைத்து வை, அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது. இங்கே ஏழரை என்றால் உனக்குச் சாயங்காலம் நாலு மணி.

அன்புடன்,
அம்மா