ஐந்து பேருக்கா, ஆறு பேருக்கா

வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

யாழ்ப்பாணப் பயணத்துக்குச் சாப்பாட்டுக் கடைகளின் பட்டியல் கேட்டு நீ போட்ட செய்தியைப் பார்த்தேன். "ஐந்து பேர், ஒருவரும் சைவமில்லை, டிசம்பர் கடைசிக் கிழமை." அவ்வளவுதான். ஓகஸ்டில் கதைத்தபோது ஆறு என்றாய். வான்காரருக்கும் ஆறு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சாரதியைச் சேர்த்து ஐந்தா, சேர்க்காமல் ஐந்தா என்று எழுது. சாப்பாடு சொல்லி வைப்பதற்கு அது தெரிய வேண்டும்.

பயணச் செலவு முழுவதும் உன்னுடையது என்று அக்கா சொன்னாள். உன்னால் முடிகிறது, சந்தோஷம். அதையும் அக்கா சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கிறது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை முடிந்தது, சுகம்.

புத்தளம் வழியாகப் போங்கள். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஏழு மணிக்கு முன்பின்னாகப் புத்தளத்தில் காலைச் சாப்பாடு. இடியப்பமோ பரோட்டாவோ சூடாக வருவதை எடுங்கள். வழிக்கடைகளில் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை கொண்டுவந்து வைப்பார்கள். எண்ணிப் பார்த்து, தின்றதற்கு மட்டும்தான் காசு. மிஞ்சியது அடுத்த மேசைக்குப் போகும், ஆகவே தொட்டுப் பார்த்துச் சூடில்லாததை விட்டுவிடுங்கள். ரோல்ஸுக்குள் மீனா மாட்டிறைச்சியா என்று கேட்டுவிட்டுக் கடிக்கவும். போகிற நாள் வெள்ளிக்கிழமை என்றால், மத்தியானம் ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் நினைவில் வை.

சாரதி தனக்குத் தெரிந்த இடம் என்று ஒரு கடையில் நிறுத்தினால் உடனே இறங்காதே. பயணிகளைக் கொண்டுவரும் சாரதிக்குச் சாப்பாடு இலவசம், சில இடங்களில் கொமிஷனும் உண்டு. அவர் சாப்பாட்டுக் காசை நீ தருவதாகப் புறப்படும்போதே சொல்லிவிடு, உங்களோடு மேசையில் இருக்கவும் சொல்லு. அப்போது சொல்லுகிற இடத்தில் நிறுத்துவார். அவரோடு ஆறாகிவிடும். அந்த ஆறை நான் கேட்கவில்லை.

சோற்றுக்கு நேரம் பார்க்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் நல்ல சோறு. மூன்றுக்குப் பிறகு சட்டியில் அடி பிடித்ததுதான் இருக்கும், அல்லது கொத்து ரொட்டிதான். பெரிய உணவகங்களில் விலைப்பட்டியலில் உள்ள விலையை நம்பாதே. சேவைக் கட்டணம் 10 வீதம், வற் வரி 18 வீதம். ஆயிரம் ரூபா என்று போட்டிருந்தால் ஆயிரத்து முன்னூறுக்குக் கிட்ட வரும்.

இனி மாசிக்கருவாடு. உங்களில் ஒருவரும் சைவமில்லை என்று எழுதியிருக்கிறாய், தெரியும். எண்டாலும் எழுதுகிறேன். சிங்கள ஊர்க் கடைகளில் தேங்காய்ச் சம்பலுக்குள் மாசிக்கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. கட்டைச் சம்பலிலும் அப்படித்தான். சில இடங்களில் மரக்கறிக்கும் தூவுவார்கள். "மச்சமில்லையா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்பார்கள், ஏனென்றால் மாசியை அவர்கள் மீன் கணக்கில் எடுப்பதில்லை. "உம்பலகட நெத்துவ", அதாவது மாசி இல்லாமல், என்று சிங்களத்தில் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். மரக்கறிக் கொத்து என்றால் முட்டை போடுவது வழக்கம், அதையும் முதலே சொல்ல வேண்டும். அதே கல்லில்தான் மாட்டிறைச்சிக் கொத்தும் அடிப்பார்கள். சட்டி சட்டியாக வைத்து நாமே அள்ளுகிற இடத்தில் மீன் சட்டி அகப்பை பருப்புச் சட்டிக்குள் கிடக்கும். சைவக்காரர் யாராவது வந்தால், அவர்கள்தான் முதலில் அள்ள வேண்டும். வவுனியா தாண்டினால் இந்தக் கரைச்சல் குறையும், சைவக்கடைகள் உண்டு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகம் இருக்கிறது. விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் கண்முன்னே சுட்டுத் தருவது, விலையும் குறைவு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு போங்கள். அதை மறக்க மாட்டாய்.

யாழ்ப்பாணத்தில் நண்டு நிறைக்குத்தான். கிலோ விலையைக் கேட்டு, நிறுக்கும்போது பக்கத்தில் நில். ஆளுக்கு அரைக் கிலோ போதும். அசைகிற நண்டாக, அளவுக்கு மிஞ்சிய பாரமாக இருக்க வேண்டும். வயிற்றுப்பக்க ஓடு, அமத்தினால் உள்ளே போகக் கூடாது. செத்துக் கிடந்த நண்டு கறியானாலும் மூக்கில் ஏறுகிற ஒரு நெடி இருக்கும், எவ்வளவு தூள் போட்டாலும் மறையாது. முருங்கையிலை கடைசியில் போட்டு இறக்கினதா என்று பார். முதலே போட்டிருந்தால் கறுத்துக் கிடக்கும்.

தம்பி, மாசியைப் பற்றி இவ்வளவு எழுதியது ஏன் என்று உனக்கு விளங்கும். கண்டிப் பயணத்தில் உன்னோடு வந்த அந்தப் பிள்ளை பில்லைக் கையில் எடுத்தது மரியாதைக்கு. நான் அதைப் பறித்து, எங்கள் வீட்டில் பெண்கள் காசு கொடுக்கிற வழக்கமில்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அவள் தானே கேட்டு எடுத்த தயிரும் கித்துள் பாணியும் தொடாமல் கிடந்தது. தயிர் புளித்திருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். புளிக்கவில்லை. பிறகு அதை எடுத்துச் சாப்பிட்டது நான்தான். இதை அவளிடம் சொல்ல இரண்டு வருஷமாகத் துணியவில்லை. உங்களுக்குள் வேறு ஏதும் இருக்கலாம், அதைக் கேட்கமாட்டேன்.

ஒடியற்கூழ் கடையில் நினைத்தவுடன் கிடைக்காது. ஒரு நாள் முந்திச் சொல்ல வேண்டும். நான் தொலைபேசியில் சொல்லி வைக்கிறேன். ஒடியல் மாவை, அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாவை, முதலே தண்ணீரில் ஊறவிட்டு அந்தத் தண்ணீரை வடித்து வெளியே ஊற்றாவிட்டால் கைக்கும். கரைக்காமல் கொட்டினால் கட்டி படும். ஆறினால் களியாகிவிடும், பனையோலைப் பிளாவில் ஊற்றியவுடன் குடியுங்கள். பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளியும் அவிந்தவுடன், மீனும் நண்டும் போட முந்தி, ஒரு சின்னச் சட்டிக்கு வேறாக எடுத்து அதற்குத் தனியாக மா கரைத்து விடச் சொல்லப் போகிறேன். ஆறு பேர் என்றுதான் சொல்லுவேன். அந்தச் சட்டிக்கு ஆளில்லை என்றால் சாரதி குடிக்கட்டும்.

திகதியை மட்டும் எழுது.

அப்பா