எந்த ஆப்பிள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் வந்த ஆப்பிள் கேக் குறிப்பைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மைதா எத்தனை கிராம், பட்டைத்தூள் எத்தனை சிட்டிகை என்று பார்த்துப் பார்த்து எழுதியவர்கள், ஆப்பிளுக்கு மட்டும் ‘ஆப்பிள் – 3’ என்று முடித்துவிட்டீர்கள். வீட்டில் இருந்தது ரெட் டெலிசியஸ். கருஞ்சிவப்பாகப் பளபளவென்று இருக்குமே, அடியில் ஐந்து முட்டு முட்டாக, அதுதான். நறுக்கிப் போட்டு ஓவனில் வைத்து எடுத்தால் துண்டையே காணோம், நடுவில் மாவு வேகாத மாதிரி ஒரே பிசுபிசுப்பு, வாயில் வைத்தால் சர்க்கரை மட்டும்தான் தெரிகிறது. என் பையன் ஒரு வாய் தின்றுவிட்டு, “அம்மா, இது கேசரியா?” என்றான்.

மாம்பழம் என்றால் இப்படி எழுதுவோமா? மல்கோவாவில் ஆவக்காய் போடச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? பஜ்ஜிக்கு மொந்தன், குழந்தைக்கு மலைவாழை என்று வாழையிலும் நமக்குக் கணக்கு உண்டு. ஆப்பிள் என்று வந்தால் மட்டும் எல்லாம் ஒன்று.

பழக்கடையிலும் உதவி இல்லை. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் வாஷிங்டன், சிம்லா, காஷ்மீர் என்பார். எல்லாம் ஊர்ப்பெயர், ரகத்தின் பெயர் இல்லை. இந்த மூன்று பெயரிலும் நம் ஊரில் அதிகம் விற்பது டெலிசியஸ் குடும்பம்தான். அமெரிக்காவில் அயோவா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் தானாக முளைத்த மரம் அது. அதை நூறு வருஷத்துக்கு முன்னால் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் சிம்லாவுக்கு அப்பால் கோட்கர் பக்கம் கொண்டுவந்து நட்டார் (இவர்தான் பிறகு சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து, சத்யானந்த ஸ்டோக்ஸ் என்று பெயரையும் மாற்றிக்கொண்டவர்). ஆரம்பத்தில் அந்தப் பழம் கோடு கோடாக, அரைச் சிவப்பாகத்தான் இருந்ததாம். இன்னும் சிவப்பு, இன்னும் சிவப்பு என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனதில் தோல் கெட்டியாகி ருசி போய்விட்டது. அதற்கு நாமும்தான் காரணம், கடையில் கை முதலில் சிவப்புக்குத்தானே போகிறது! இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இமாச்சலத்துக்காரர்கள் ‘ராயல்’ என்று சொல்வது டெலிசியஸில் ஒரு வகை, நம் கடையில் இருக்கும் ‘ராயல் காலா’ வேறு ரகம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிநாட்டுப் பழம் என்றால் ஸ்டிக்கரைப் பாருங்கள். அந்த நாலு இலக்க எண் ரகத்தையும் அளவையும் சொல்வது. பெரிய சைஸில் 4016 ரெட் டெலிசியஸ், 4017 கிரானி ஸ்மித், 4131 ஃபியூஜி, 4135 காலா. 4-இல் தொடங்கினால் விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். முன்னால் ஒரு 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக இருந்தால் இயற்கை விவசாயத்தில் விளைந்தது, அவ்வளவுதான்.

சும்மா கடித்துத் தின்ன எனக்குக் காலாவும் ஃபியூஜியும்தான். காலா தோல் மெல்லிசு, டப்பாவில் போட்டு அனுப்பினால் பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் தின்கிறார்கள். ஃபியூஜி நறுக்கென்று இருக்கும், சாறும் அதிகம், ஃபிரிட்ஜில் பல வாரம் தாங்கும். ரெட் டெலிசியஸும் புதுசாகக் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாள்பட்டால் உள்ளே மாவாகிவிடும். காஷ்மீர் அறுவடை ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரைக்கும், அதனால் சித்திரை வெயிலில் ‘காஷ்மீர் ஆப்பிள், ஃப்ரெஷ்’ என்று யாராவது கொடுத்தால் அது குளிர்க்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்தது. அந்தச் சமயத்தில் நியூசிலாந்துக் காலா வாங்குவேன், அங்கே அப்போதுதான் அறுவடை முடிந்திருக்கும்.

அல்வாவுக்கும் ஜாமுக்கும் மஞ்சள் நிறக் கோல்டன் டெலிசியஸ் கிடைத்தால் விடாதீர்கள், சீக்கிரம் குழையும், வாசனையும் நிற்கும். கேக்குக்கும் ‘ஆப்பிள் பை’க்கும் மட்டும் கிரானி ஸ்மித், அதாவது நம் ‘கிரீன் ஆப்பிள்’. ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கம் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் 1868 வாக்கில் கிடைத்த ரகம். சதை கெட்டி, அதனால் வெந்த பிறகும் துண்டு துண்டாகவே நிற்கிறது, சர்க்கரைக்கு ஈடு கொடுக்கப் புளிப்பும் இருக்கிறது. மறுபடி அதே உங்கள் குறிப்பை, இரண்டு கிரீன் ஆப்பிளும் ஒரு காலாவும் போட்டுச் செய்தேன். பையன் மூன்று துண்டு எடுத்துக்கொண்டான், கேசரிப் பேச்சே இல்லை. ஆகவே குறிப்பு எழுதுகிறவர்களிடம் ரகத்தின் பெயரையும் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிப் போடுங்கள்.

அப்புறம் ஒன்று. மாங்காய் கிடைக்காத மாதத்தில் இதே கிரீன் ஆப்பிளைத் தோலோடு துருவித் தொக்குப் போடலாம். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மஞ்சள் தூள், மிளகாய்த்தூள் போட்டு, துருவலையும் உப்பையும் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்கி, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன் தூவி இறக்கவேண்டியதுதான். தயிர்சாதத்துக்கு அப்படிப் பொருந்தும். மாங்காய்த் தொக்கு போல மாதக்கணக்கில் வராது, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் காலி பண்ணிவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரை வாசகி